எல்லாரும் ஐஞ்சு போடுங்கோ

போன கிழமை நிருபனைப் போர்வைக்குள் விட்டுவிட்டு வந்தோம். கோபன்ஹேகன் பத்திரிகை ஒன்று அவனுடைய குழுவின் முதல் இசைத்தட்டுக்கு ஆறு நட்சத்திரத்தில் இரண்டைக் கொடுத்துவிட்டு, “புரொகிரெசிவ் ரொக் என்றால் முன்னேறுகிற ரொக். இந்தப் பிள்ளைகளோ பழைய தட்டுகளைத் திருப்பி வாசித்து, நடுவில் கொஞ்சம் கிழக்கத்தைய மசாலா தூவியிருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தது. பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு அந்தத் தட்டைச் செய்தவன் படுத்த படுக்கையாகிவிட்டான். படிப்பை நிறுத்திய நாளிலேயே தகப்பன் கோணேஸ்வரன் மகனோடு கதைப்பதை விட்டுவிட்டார். தாய் விஜிதா இரண்டு பேருக்கும் நடுவில் சாப்பாட்டுக் கோப்பையோடு நடந்துகொண்டிருந்தாள்.

பிறகு ஒரு நல்லது நடந்தது. அவர்கள் இருக்கிற ஓல்போர்க் நகரத்தில் புரொகிரெசிவ் ரொக் ரசிகர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். பாட்டு ஒன்று தொடங்கி, நீங்கள் தேத்தண்ணி போட்டுக் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகும் முடியாமல் இருந்தால்தான் அவர்களுக்கு அது பாட்டு. அந்தச் சங்கத்தின் இணையத்தளத்தில் பிறேபன் என்ற ஓய்வுபெற்ற பஸ் சாரதி நிருபனின் தட்டைப் பற்றி மனம் நிறைய எழுதி, ஐந்துக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டிருந்தார். அதை வாசித்துத்தான் நிருபன் எழும்பிக் குளித்தான். தாயிடம் ஓடிவந்து தொலைபேசியில் காட்டினான்.

பிறேபன் எழுதியது விஜிதாவுக்கு அவ்வளவாக விளங்கவில்லை. கீழே வரிசையாக இருந்த நட்சத்திரங்கள் விளங்கின. யார் வேண்டுமானாலும் போய் அமத்தலாம் என்பதும் விளங்கியது.

அன்றைக்கே குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவள் குரல் பதிந்து அனுப்பினாள். “எல்லாருக்கும் வணக்கம். எங்கடை நிருபன்ரை பாட்டு வந்திருக்கு. கீழை இருக்கிற லிங்க்கிலை போய் எல்லாரும் ஐஞ்சு போடுங்கோ. தெரிஞ்ச ஆக்களுக்கும் அனுப்பிவிடுங்கோ. பாட்டுக் கேக்க நேரமில்லாட்டிலும் பரவாயில்லை.” எழுதுவதற்கு ஒரு வசனமும் கொடுத்தாள். கைத்தொலைபேசியே அதை டேனிஷில் மாற்றித் தந்தது: மிகவும் முன்னேற்றமான இசை, வாழ்த்துகள்.

இதில் அவளுக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. போன வருடம் ரொறன்ரோவில் அவளுடைய மூத்த தமையன் மாமாங்கத்தின் மகள் தனுசியா தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நின்றபோது, டென்மார்க்கில் இருந்த சொந்தம் முழுவதும் வேலைக்கு நடுவிலும் வோட் போட்டது. அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கு நாங்கள் போனால், எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்களும் வரவேண்டும் அல்லவா? அப்படித்தான் இதுவும் என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில்தான் அந்த நினைப்பு உடைந்தது.

அவள் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தாள். நிருபன் குசினி வாசலில் நின்று தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தான், டேனிஷில். அந்தப் பிள்ளைக்குப் பசி தமிழில் வரும், கோபம் டேனிஷில்தான் வரும்.

“விமர்சன விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீதானே சொன்னாய்? இதுதானா பார்த்துக்கொண்ட விதம்? எங்களை விரும்பி எழுதிய ஒரே மனிதனையும் பொய்யனாக்கிவிட்டாய். ஏதாவது சொல்லேன்!”

மறுமுனையில் இருந்தவள் ஸ்ரெபானி. தெற்கே ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ரண்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, குழுவில் ட்ரம்ஸ் அடிப்பவள், நிருபன் விரும்புகிறவள். விஜிதாவுக்கு அவளை அவ்வளவாகப் பிடிக்காது என்பதை இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ட்ரம்ஸ் அடிக்கிற மருமகளை எந்த மாமியாரும் கனவில் கண்டதில்லை.

நிருபன் தொலைபேசியை மேசையில் போட்டான்.

“என்ன தம்பி?”

“ஆரோ எங்களுக்குக் கள்ள நட்சத்திரம் போட்டிருக்கினம் அம்மா. குவிச்சிருக்கினம். எல்லாத்திலையும் ஒரே வசனம். கனடா, பிரான்ஸ், சுவிஸ் எல்லா இடத்திலை இருந்தும் வந்திருக்கு. மற்ற ஆக்களின்ரை தட்டுக்கெல்லாம் ஒரு நட்சத்திரம் போட்டு இறக்கியும் விட்டிருக்கினம். தளத்தைப் பாக்கிற ஸோரன் நேற்று எழுதினவன். இண்டைக்குப் பின்னேரம் நூலகத்திலை எங்கடை தட்டைப் பற்றின சங்கக் கூட்டம்தானே, அங்கை எங்களை விசாரிக்கப் போகினம். ஓகஸ்டிலை சங்கம் வைக்கிற இசைவிழா மேடையிலை இருந்து எங்களை எடுக்கவேணும் எண்டு சில பேர் நிக்கினம்.”

“கனடாவோ?” என்று கேட்டாள் விஜிதா.

“ஸ்ரெபானிக்குச் சொந்தக்காரர் அங்கைதான் நிறைய. எங்கடை ஆக்களுக்கு ரொக் எண்டால் என்னெண்டே தெரியாது. கேட்டன், அவள் இல்லை எண்டு சொல்லேல்லை. இனி வரமாட்டன் எண்டு மட்டும் சொன்னாள்.”

அந்த இடத்தில் விஜிதா வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கத்தான் செய்தாள். ஆனால் வெளியே வந்தது வேறு.

“அந்தப் பிள்ளையை நான் முதலே நம்பேல்லை.”

சொன்ன கையோடு அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடக் கூச வைத்த விஷயம், சொல்லும்போது மனதின் ஒரு மூலையில் இருந்த நிம்மதி. பழி வேறொருத்தியின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் அவள் விரும்பாத ஒருத்தியின் தலையில். தான் இவ்வளவு மோசமான மனிசியா என்று அவள் தன்னையே கேட்டாள். ஓம் என்றுதான் பதில் வந்தது.

நிருபன் ரொட்டியைத் தொடாமல் பஸ்ஸுக்குப் போனான். அவன் தெருவைக் கடக்கும்வரை காத்திருந்து விஜிதா ரொறன்ரோவுக்கு எடுத்தாள். மாமாங்கம் இரவு வேலை முடித்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

“பெரியண்ணை, அந்த நட்சத்திர விஷயம்...”

“பாத்தனியோ!” அவருடைய குரலில் வேலைக் களைப்பே இல்லை. “என்ரை பிள்ளைக்கு நீங்கள் செய்ததை நாங்கள் மறப்பமோ? பக்டறியிலை இருக்கிற பெடியள் எல்லாரையும் போட வைச்சனான். குஜராத்திக்காரன் ஒருத்தனும் போட்டவன்.”

“மற்ற ஆக்களுக்கு ஒண்டு போட்டது ஆர்?”

“நான்தான். எங்கடையை ஏத்தினால் மட்டும் காணுமோ? மற்றதை இறக்கவும் வேணுமெல்லோ. பாட்டுப் போட்டியிலை மற்றப் பகுதி எங்களுக்கும் இதைத்தான் செய்தது. ஒரு மனிசி, கிர்ஸ்தனோ என்னமோ, நல்லா மேலை நிண்டவா. இப்ப தேடித்தான் பாக்கவேணும்.”

“அண்ணை, எடுக்கச் சொல்லுங்கோ. எல்லாரையும் எடுக்கச் சொல்லுங்கோ.”

“விசரே உனக்கு? உன்ரை குரல் லண்டன், சிட்னி எல்லாம் போயிட்டுது. இனி ஆரைப் பிடிச்சு எடுக்கச் சொல்லுறது?” பிறகு கொஞ்சம் இரங்கிக் கேட்டார்: “ஏன் பிள்ளை, பெடியன் கோவிக்கிறானோ?”

“ஓம் அண்ணை” என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அண்ணையைத் திட்டவும் முடியவில்லை. அந்த மனிதன் தங்கைக்குப் பட்ட கடனைத் தன்னால் முடிந்த அளவுக்கு அடைத்திருக்கிறார். சொன்னதற்கு மேலேயே செய்திருக்கிறார்.

பின்னேரம் கோணேஸ்வரன் வரவேற்பறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

“இஞ்சேருங்கோ, என்னை நூலகத்திலை கொண்டுபோய் விடுங்கோ.”

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார். காரில் கொஞ்சத் தூரம் போன பிறகு அவரே தொடங்கினார்.

“நானும் போட்டனான்.”

“என்னத்தை?”

“நட்சத்திரம். உன்ரை குறூப்பிலை நானும் இருக்கிறன்தானே.”

விஜிதா அவரைத் திரும்பிப் பார்த்தாள். மகனோடு ஒரு சொல் கதைக்காத மனிதன். “நீங்களும் ஐஞ்சோ?”

“நாலு.”

“பெத்த பிள்ளைக்கு நாலோ?”

“அந்தப் பெரிய பாட்டைக் கடைசியிலை கொஞ்சம் இழுக்கிறான். அதிலை வெட்டியிருக்கலாம். மற்றும்படி நல்லாத்தான் செய்திருக்கிறான்.” அவர் சமிக்ஞை விளக்கைப் பார்த்தபடி சொன்னார். “வேலைக்குப் போகேக்கை காருக்குள்ளை போட்டுக் கேக்கிறனான். முதல் தரம் ஒண்டும் பிடிபடேல்லை. பிறகு பிறகுதான் பிடிபட்டுது.”

“அதை அவனுக்குச் சொன்னால் என்ன?”

“நாங்கள் கதைக்கிறேல்லைத்தானே.”

எனக்கே சிரிப்பு வருகிறது, விஜிதாவுக்கு வரவில்லை. பாலத்தில் ஏறும்போது அவர் மறுபடி கேட்டார். “நடுவிலை ஒரு துண்டு வருமே. அது வரேக்கை நான் காரை ஓரமா நிப்பாட்டினனான். உனக்கு எப்பிடி இருந்தது?”

“நல்லா இருந்தது.”

“அவ்வளவுதானோ?”

அவள் பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். உண்மை என்னவென்றால், மகன் பாட்டை அனுப்பிய அன்று வேலைக்குப் போகும் பஸ்ஸில் அதைப் போட்டாள். கிற்றாரும் ட்ரம்ஸும் ஒன்றாக இடிக்கத் தொடங்கியதும் தலைவலி வந்தது. காதிலிருந்து எடுத்துவிட்டாள். அன்றைக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலையும் அதிகம். பின்னேரம் மகன் கேட்டபோது, “கேட்டனான் தம்பி, நல்லா இருக்கு” என்றாள். தாய்மார் சொல்கிற சின்னப் பொய்தான் அது. உலகத்தின் பாதிக்குப் பாட்டைப் புகழச் சொல்லி அனுப்பியவள், அதைத் தான் கேட்கவில்லை.

“நான்தான் செய்தது எண்டு சொல்லட்டோ, அப்பா?” என்று அவள் கணவனைக் கேட்டாள்.

“அவன் ஸ்ரெபானியைத்தானே பழி சொல்லுறான்?”

“ஓம்.”

“பிறகென்ன கேள்வி?” நூலகத்து வாசலில் காரை நிறுத்தினார். “நீ போ. நான் இதுக்குள்ளை இருக்கிறன்.”

நூலகத்தின் மேல்மாடி அறையில் கதிரைகளை அரைவட்ட வரிசைகளாகப் போட்டிருந்தார்கள். நடுமேசையில் கோப்பிக் கலன், கேக், இரண்டு ஒலிபெருக்கிகள். கறுப்பு ரீசேர்ட்டுகளும் நரைத்த தாடிகளும் நிறைய இருந்தன. நிருபன் முன்னால் தனியாக இருந்தான். பக்கத்துக் கதிரையில் யாரும் இல்லை. தாய் உள்ளே வந்து பின்வரிசையில் இருந்ததை அவன் கண்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

விசாரணைக்கு முன்னால் தட்டைப் பற்றிப் பேசுவோம் என்று பிறேபன் சொல்லியிருக்க வேண்டும். சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

“நட்சத்திரத்தை விடுங்கள். அந்த விமர்சகர் எழுதியதில் பிழை என்ன?” என்று கேட்டான் ஸோரன். அங்கே இருந்தவர்களில் இளையவன் அவன்தான், ஆகக் கடுமையானவனும் அவன்தான். “முன்னேறுவது என்பது இந்த இசையின் பெயரிலேயே இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? நீளமான பாட்டும் நீளமான தலைமயிரும்தான்.”

“உனக்கு இரண்டாவது இல்லையே என்ற எரிச்சல்” என்றார் பிறேபன். வழுக்கையன் ஸோரன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் கண்ணாடி போட்ட ஒரு பெண். “அந்த மனிதர் ஒரு தரம் கேட்டுவிட்டு எழுதியிருக்கிறார்” என்றாள். “இந்த இசையில் முதல் தரம் கேட்பது வீட்டு வாசலில் நிற்பதுதான். உள்ளே போகாமல் வீட்டைப் பற்றி எழுதக் கூடாது.”

“கேட்பவர் திரும்பத் திரும்பக் கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதே ஒரு திமிர் இல்லையா, கிர்ஸ்தன்?”

கிர்ஸ்தன் என்ற பெயர் விஜிதாவின் காதில் விழுந்தது. பாடசாலையில் இசை படிப்பிக்கும் ரீச்சர் மாதிரி இருந்தாள். கை முட்டியில் தேய்ந்த ஒரு சுவெட்டர் போட்டிருந்தாள். அண்ணை இறக்கிவிட்ட மனிசி இவள்தான். விஜிதா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

“நான் பல வருடம் ஒரே பாதையில் பஸ் ஓட்டினேன்” என்றார் பிறேபன். “புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவேன். ஆனால் ஏறியவர்கள் வேறு எங்கோ போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாட்டு பழைய இடத்துக்குத் திரும்பி வரலாம். கேட்டவன் அதே இடத்தில் நிற்காவிட்டால் அது முன்னேற்றம்தான்.”

“அது பஸ்ஸுக்கு விளக்கம், இசைக்கு இல்லை” என்றான் ஸோரன். மறுபடியும் சிரிப்பு. “சரி, அந்தப் பெரிய பாட்டின் நடுப்பகுதியைப் போடுங்கள். எனக்கு ஆகப் பெரிய குறை அங்கேதான். ஒரு பெண் ஏதோ மொழியில் மந்திரம் சொல்கிறாள். விளங்காத பிரார்த்தனை ஒன்றைத் தொங்கவிட்டால் இசை ஆழமாகிவிடுமா? அது ஜன்னல் திரை மாதிரி வெறும் அலங்காரம்.”

பிறேபன் பாட்டைப் போட்டார்.

முதலில் ட்ரம்ஸ் மட்டும் வந்தது, மெல்லிசாக. தகிட தகதிமி, தகிட தகதிமி. நிருபன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிருதங்க வகுப்பு முடியும்வரை வெளியே காத்திருந்து அவள் கேட்டுக் கேட்டு அலுத்த ஏழெண்ணிக்கைத் தாளம். அதற்கு மேலே கீபோர்ட் ஒற்றைச் சுரமாக நீண்டது. பிறகு அந்தப் பெண் பேசினாள்.

“தம்பி, அம்மா கதைக்கிறன். ஏன் போன் எடுக்கிறாயில்லை? வெளியிலை பனி, தொப்பி போட்டுக்கொண்டு போ. மீன்குழம்பு பிரிட்ஜுக்குள்ளை கிடக்கு, சூடாக்கிச் சாப்பிடு. அப்பா சும்மா கத்துவார், மனசிலை ஒண்டும் இல்லை. கோவிக்காதை, என்ன? வைக்கிறன்.”

அவளுடைய குரல்தான். எப்போதோ அவன் எடுக்காத தொலைபேசியில் அவள் பேசிவிட்டு மறந்துபோனது. அதை அவன் வைத்திருந்திருக்கிறான். ‘வைக்கிறன்’ என்று அவள் சொன்ன இடத்தில் ட்ரம்ஸ் ஒரு தரம் நின்று, ‘கோவிக்காதை, என்ன?’ திரும்ப வந்தது. திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தரமும் கீபோர்ட் ஒரு படி மேலே ஏறியது. அவளுக்குத் தன் குரலே யாரோ ஒரு பாவப்பட்ட மனிசியின் குரலாகக் கேட்டது.

பாட்டை நிறுத்தினார்கள்.

“இது ஒப்பாரி” என்றார் ஒருவர். “யாரோ செத்திருக்கிறார்கள்.”

“இல்லை, ஆசீர்வாதம்” என்றாள் கிர்ஸ்தன். “குரலில் கோபமே இல்லை.”

“எதுவாக இருந்தால் என்ன? எங்களுக்குச் சொல்லாமல் வைத்திருப்பது ஏமாற்று” என்றான் ஸோரன். “நிருபன், என்ன சொல்கிறாள் அந்தப் பெண்?”

நிருபன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பிறேபனின் பார்வை பின்வரிசைக்கு வந்தது.

“மன்னிக்க வேண்டும். உங்களுக்கு இந்த மொழி தெரியும் என்று நினைக்கிறேன். அது என்ன பிரார்த்தனை?”

விஜிதா எழுந்து நின்றாள். இருந்தபடியே சொல்லியிருக்கலாம், அங்கே யாரும் எழும்பவில்லை. அவளுக்கு அப்படித்தான் வந்தது. வேலையிடத்து டேனிஷ் அவளுடையது. குற்றத்தை ஒத்துக்கொள்ளும் சொற்கள் அதில் குறைவு.

“பிரார்த்தனை இல்லை” என்றாள். “மீன்குழம்பு. குளிர்சாதனப் பெட்டியில் மீன்குழம்பு இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு என்று. தொப்பி போடு என்று. கோவிக்காதே என்று. அது நான்தான். நான் அவனுடைய தாய்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கிர்ஸ்தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“நான் இதை எப்படியெல்லாம் நினைத்தேன்!” என்றார் பிறேபன் மெதுவாக. “உங்களுக்கு எப்படி இருந்தது, முதல் தரம் கேட்டபோது?”

நல்ல மனிதன் நல்லெண்ணத்தோடு கேட்ட கேள்வி. அதற்குப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“இப்போதுதான் முதல் தரம் கேட்டேன்” என்றாள். “கேட்காமல்தான் எல்லோரையும் நட்சத்திரம் போடச் சொன்னேன். கனடா, பிரான்ஸ் எல்லாம் என் சொந்தக்காரர். அந்த வசனம் நான் கொடுத்தது. என் மகனுக்குத் தெரியாது. குழுவில் யாருக்கும் தெரியாது. அவர்களை மேடையிலிருந்து எடுக்காதீர்கள்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். “கிர்ஸ்தன், உங்களுக்கு ஒரு நட்சத்திரம் போட்டவர் என் அண்ணன். என் பிள்ளையில் இருக்கிற பாசத்தால் செய்துவிட்டார். மன்னிக்க வேண்டும்.”

“அவர் என்னுடைய தட்டைக் கேட்டாரா?”

“இல்லை.”

“அப்படியென்றால் பரவாயில்லை. கேட்டுவிட்டுப் போட்டிருந்தால் நோகும்.” சொல்லிவிட்டுக் கிர்ஸ்தன் புன்னகைக்க முயன்றாள். முடியவில்லை. “நான் தூங்கவில்லை, தெரியுமா? என்ன பிழை விட்டேன் என்று முழுத் தட்டையும் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.”

மன்னிப்புக் கேட்டால் பாரம் இறங்கும் என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. விஜிதாவுக்கு அது இன்னும் ஏறியது.

ஸோரன் நேர்மையான பெடியன், ஆள் முகம் பார்த்து விட்டுக்கொடுக்கத் தெரியாதவன். அந்தக் கிழமை விழுந்த எல்லா நட்சத்திரத்தையும் அழிக்கப்போவதாகவும், ஓகஸ்ட் மேடையைப் பற்றி அங்கத்தவர்கள் வோட் போட்டு முடிவு செய்வார்கள் என்றும் சொன்னான். “என்னுடையதையும் அழி” என்றார் பிறேபன். “நான் புதிதாக எழுதவேண்டும். மீன்குழம்பு தெரியாமல் எழுதிவிட்டேன்.” கேக் வெட்டப் போனார்கள். சண்டை கேக்கோடு மறுபடியும் தொடங்கியது. விளங்கிவிட்ட பிறகு அந்தப் பாட்டு சிறிதாகிவிட்டதா, பெரிதாகிவிட்டதா என்று.

நிருபன் வெளியே நடைகூடத்தில், ஜன்னலோரம் நின்றான். விஜிதா கொஞ்சம் தள்ளி நின்றாள்.

“கேட்டனான் எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம்.”

“நல்லா இருக்கு எண்டும் சொன்னனீங்கள். உங்கடை குரல் எண்டு நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு நான் பாத்துக்கொண்டு இருந்தனான் அம்மா. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்குப் பிடிக்கேல்லையாக்கும், வெக்கமா இருக்காக்கும் எண்டு நினைச்சன். பேப்பர்க்காரன் எழுதினதை விட எனக்கு அதுதான்...” அவன் நிறுத்தினான். இந்தத் தரம் அவனுடைய கோபம் தமிழில் வந்திருந்தது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

“நீ படுத்துக் கிடக்கிறதைப் பாக்க ஏலாமல் செய்தனான் தம்பி.”

“எனக்கு நட்சத்திரம் வேண்டாம். ஒருக்காக் கேட்டிருக்கலாமே.”

அவள் அழுதாள். அவன் தடுக்கவில்லை. பிறகு தொலைபேசியை எடுத்து, ஸ்ரெபானியின் இலக்கத்தை அமத்தி, தாயின் கையில் வைத்தான்.

“நான் எடுத்தால் எடுக்கமாட்டாள் எண்டு நினைக்கிறன். எடுத்தால் நீங்களே சொல்லுங்கோ.”

மணி நெடுநேரம் அடித்தது. ஸ்ரெபானி எடுத்தாள்.

“பிள்ளை, நான் நிருபன்ரை அம்மா. காலமை அவன் கதைச்சதுக்கு நீ மன்னிக்கவேணும். உன்னிலை ஒரு பிழையும் இல்லை. அது எல்லாம்...”

“தெரியும் அன்ரி.”

விஜிதாவுக்கு விளங்கவில்லை. “என்ன தெரியும்?”

“நீங்கள்தான் எண்டு தெரியும். உங்கடை குரல் எங்கடை அம்மாவின்ரை போனுக்கும் வந்தது. ரண்டர்ஸிலை எல்லாருக்கும் வந்தது. அம்மா ஐஞ்சும் போட்டவா.” ஸ்ரெபானியின் குரல் கரகரத்தது, அழுது ஓய்ந்த குரல். “நான்தான் பிறகு அவாவை அழிக்கச் சொன்னனான்.”

“அப்ப ஏன் பிள்ளை நீ காலமை அவனுக்குச் சொல்லேல்லை?”

ஸ்ரெபானி மூக்கை உறிஞ்சினாள்.

“அந்தப் பாட்டிலை உங்கடை குரலுக்குப் பின்னாலை அடிக்கிறது நான்தானே அன்ரி. ஒரு பனிக்காலம் முழுக்க அதைக் கேட்டுக் கேட்டு அடிச்சனான். அவன் உங்களிலை வெறுத்துப் போனால் அந்தப் பாட்டை இனி வாசிக்க மாட்டான். என்னிலை கோவிச்சால் வேறை ஆரையாவது வைச்சு அதை வாசிப்பான் எண்டு நினைச்சன்.”

நம்பவில்லை என்று காலையில் சொன்ன வாய் இப்போது ஒரு சொல்லுக்கு அலைந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் விஜிதா நினைத்தாள். அதைச் சொல்வதற்குள் ஸ்ரெபானி வைத்துவிட்டாள்.

“என்னவாம்?” என்று கேட்டான் நிருபன்.

அவள் சொன்னாள். ஒரு சொல் விடாமல் சொன்னாள், தன்னைக் காப்பாற்றுகிற சொல் ஒன்றையும் இடையில் சேர்க்காமல். கேட்கக் கேட்க அவனுடைய முகம் வெளுத்தது. காலையில் குசினி வாசலில் நின்று கத்தியது முழுவதும் அவனுக்கு இப்போது திரும்ப ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“அவள் திரும்பி வருவாளாமோ அம்மா?”

“நான் கேக்கேல்லை” என்றாள் விஜிதா. “அதை நான் கேக்கிறது சரியில்லை தம்பி. நீ போய்க் கேள். அப்பா கீழை காரோடை நிக்கிறார், ரண்டர்ஸுக்குக் கொண்டுபோய் விடச் சொல்லு. ஆனால் அவரோடை நீதான் வாய் திறந்து கேக்கவேணும்.”